நட்சத்திரக் கம்பம் நட்ட குழி

ஞாயிற்றுக்கிழமை காலை பிளம்பர் வருகிறார் என்று மாடி வீட்டு சார் சொல்லிவிட்டுப் போனதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உள்ளபடியே கலக்கியது. குழந்தையை அப்படியே தரையில் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அது வெங்காயக் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரிக்கிறது. அதை அடிக்கக்கூட எனக்குக் கையில் தெம்பு இல்லை.

அறுபதுகளின் நடுவில், செம்பூரில் திலக் நகருக்குப் போகிற பாதையில், நான்கு குடித்தனங்கள் உள்ள ஒரு கட்டடத்தில் கீழ்வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரருக்கு டிராம்பேயில் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. எனக்கு இருபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். ஒரு நாள்கூட ஒரு வகுப்பில் நின்று பாடம் எடுக்காமல், தாலி கட்டிய கையோடு பம்பாய்க்கு ரயிலேறியவள். அப்படியும் மாடி வீட்டு மாமி என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். மாமி என்றால் வயதானவள் என்று நினைத்துவிட வேண்டாம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள். ஐயர் வீட்டுப் பெண் என்பதால் நான் மாமி என்றேன்.

அவள் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் கடகடவென்று பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறுவாள். அதனால் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை மத்தியான வேளையில் நான் படிப்பேன், அவள் கேட்பாள். நான் எங்கள் வாசலில் உட்காருவேன், அவள் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்காருவாள். அந்த மூன்றடி தூரம் எப்போதும் உண்டு. எங்கள் வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். தாகம் எடுத்தால் மாடியேறிப் போய்க் குடித்துவிட்டு வருவாள். அது அவர்கள் வழக்கம், அதில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கோபம் இருந்தது. காட்டிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகி ஆறு வருடம், இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாக அவளுக்குத் தங்கியிருந்தது. ஐந்தாம் மாதம் தாண்டுகிற வரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாண்டிய பிறகு வேறு பேச்சே இல்லை.

பிளம்பர் என்றால் எனக்கு ஏன் இந்தப் பயம் என்பதற்கு நாலைந்து மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் டிசம்பர் பிறந்தால் வேதக்காரர் என்கிற எங்கள் கிறிஸ்தவர் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியாக வேண்டும். மூங்கில் சிம்பால் சட்டம் கட்டி, பட்டத்துக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து, உயரமான கம்பத்தில் ஏற்றுவோம். பம்பாய்க்கு வந்த முதல் வருடம் இடம் இல்லை என்று விட்டுவிட்டோம். இரண்டாவது வருடம் நான் விடுவதாக இல்லை. முன்பக்கம் கல் பாவியிருந்தது. அடுப்படிச் சுவருக்கு வெளியே பக்கவாட்டில் மட்டும் நாலடி அகலத்துக்கு மண் இருந்தது. அங்கே கம்பத்தை நட்டால் ரோட்டிலிருந்தே நட்சத்திரம் தெரியும். வீட்டுக்காரருக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட். வந்து நட்டுத் தருகிறேன், பொறு என்றார். நான் பொறுக்கவில்லை. பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு கடப்பாரையை இரவல் வாங்கி நானே குழி போட்டேன்.

ஒரு முழ ஆழத்தில் ணங் என்றது. கல் என்று நினைத்து இன்னும் இரண்டு போடு போட்டேன். கடப்பாரை வழுக்கிக்கொண்டு போனது, உள்ளங்கை இரண்டும் விண்ணென்று தெறித்தன. குனிந்து மண்ணை விலக்கினால், இரும்புக் குழாயின் முதுகு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடியில் தண்ணீர் ஊறியது. மெதுவாகத்தான் ஊறியது. கால் மணி நேரத்தில் என் கணுக்கால் அளவுக்கு நின்றது.

அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். வீட்டு உடைமைக்காரர் காட்கோபரில் இருந்தார். சுவரில் ஆணி அடிப்பதற்கே சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர். குழாயை உடைத்தோம் என்று தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பம்பாயில் வீடு கிடைப்பதற்கு நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தாராவியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பரணில் ஏழு மாதம் படுத்திருக்கிறோம். குழிக்குள் தேங்காய் நாரையும் செங்கல் துண்டுகளையும் திணித்து, மண்ணைப் போட்டு மிதித்து, அதன் மேலேயே கம்பத்தை நட்டேன். சாயங்காலம் நட்சத்திரம் எரிந்தது. மாமி இறங்கி வந்து வெகு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப அழகா இருக்கு டீச்சர் என்றாள். எனக்கு அதைக் கேட்டு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

ஜனவரியில் கம்பத்தைப் பிடுங்கினபோது குழியில் தண்ணீர் அப்படியே இருந்தது. வாடை அடித்தது. ஒரு கை சிமெண்டைக் குழைத்துப் பூசி மூடினேன். அன்றைக்கே தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தொடங்கினேன். பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் தொண்ணூறு மார்க் வாங்கியவளுக்கு உடைந்த குழாய் என்ன செய்யும் என்று தெரியாதா? பெரிய அலுமினியப் பாத்திரத்தில் குடிக்கிற தண்ணீர் முழுவதையும் பம்ப் ஸ்டவ்வில் ஏற்றுவேன். மண்ணெண்ணெய் இப்படித் தீர்கிறதே என்று வீட்டுக்காரர் கேட்டார். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

மாடியில் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடாதவர்களுக்கு நான் என்ன தண்ணீர் பாடம் எடுப்பது என்று உள்ளுக்குள் ஒரு குரல் வேறு. அந்தக் குரல் எனக்கு அப்போது ரொம்ப வசதியாக இருந்தது.

மார்ச் மாதம் எங்கள் கட்டடத்திலேயே பக்கத்துக் குடித்தனமான சிந்திக்காரர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கும் மஞ்சள் காமாலை வந்தது. பள்ளிக்கூட வாசலில் கரும்புச் சாறு குடித்ததால்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் கரும்புச் சாறுதான் என்றேன். எல்லாரையும்விட நான்தான் உரக்கச் சொன்னேன். பையன்கள் மூன்று வாரத்தில் எழுந்து ஓடினார்கள். எனக்கு மூச்சு வந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் மாமி கதை கேட்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி வருகிறது என்றாள். படியில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அவளுடைய கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

பத்திரிகையை நான் மடியில் கவிழ்த்து வைத்தேன். எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று அவள் நினைவூட்டினாள்.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாமியின் வீட்டுக்காரர்தான் அந்த மாடி வீட்டு சார். கோட்டைப் பகுதியில் ஆபீஸ் வேலை, ஆள் சாது, சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. சாயங்காலம் அவர் வந்து எங்கள் வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று தப்பாகப் போட்டிருந்தது. அவர் சொன்னது எனக்கு இன்னும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"இந்த மாசத்துல காமாலை வந்தா ரெண்டு உசுருக்கும் எந்த உத்தரவாதமும் சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். உங்காத்து ஜலம் எங்கேர்ந்து வரதுன்னு கேட்டார். குழாய் ஜலம்தான்னேன். போய் முதல்ல அந்தக் குழாயைப் பாருங்கோங்கறார்."

அவருக்கும் வேறு சில சந்தேகங்கள் இருந்தன. மாடிக்குத் தண்ணீர் ஏறுவது குறைந்துகொண்டே வந்தது. காலையில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு வாளி கலங்கலாக வந்தது. மண்ணுக்குள் எங்கேயோ கசிகிறது என்று அவர் முடிவு செய்தார். உடைமைக்காரர் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். தரையை வெட்டித் தேடுகிற பிளம்பர்கள் நாகா என்கிற நாற்சந்தியில் நிறைய உட்கார்ந்திருப்பார்கள். சார் அவர்களில் யாரையும் கூப்பிடவில்லை. ஆபீஸில் விசாரித்து, வெட்டாமல் காதால் கேட்டே கசிவைக் கண்டுபிடிக்கிற ஒரு மராட்டிக்காரரைத் தேடிப் பிடித்தார். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் அவர் அப்படிக் கண்டுபிடித்தாராம்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று கேட்டதும்தான் நான் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு ஓடினேன்.

ஞாயிறு வருகிற வரை அந்த மூன்று நாளும் என்னால் ஒழுங்காக ஜெபம் பண்ண முடியவில்லை. மாமி பிழைக்க வேண்டும் என்று கேட்பேன். அடுத்த மூச்சில் பிளம்பர் குழியைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று கேட்பேன். இரண்டையும் ஒரே ஆண்டவரிடம் கேட்கிறோமே என்று வெட்கமாக இருக்கும். மாமி செத்துப்போனால் போலீஸ் வருமா என்று யோசித்தேன். பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தேன். சனிக்கிழமை காலை, தண்ணீர் பிடித்து வைக்கிற இரும்பு டிரம்மை வெளியே உருட்டிக்கொண்டு போய்க் குழி இருந்த இடத்தில் சரியாக நிறுத்தினேன். காலி டிரம்மை யாராவது நகர்த்திவிடுவார்கள் என்று அதில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விளிம்பு வரை நிரப்பினேன். செய்து முடித்தபோது எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், எட்டு மணிக்கு நிற்கும். பிளம்பர் ஆறுக்கு முன்பே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், காக்கி அரைக்கால் சட்டை, காலில் செருப்பில்லை. கையில் ஒரே ஒரு கம்பி. ஓர் ஆள் உயரம், ஒரு முனையில் மரக் குமிழ். முதலில் எல்லாரையும் எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். மாடித் தொட்டிக்குப் போகிற வால்வையும் மூடினார். பிறகு மீட்டர் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லை. மீட்டருக்குள் இருந்த சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். கம்பியின் நுனியைத் தரையில் ஊன்றுவார், குமிழைக் காதோடு வைத்து அழுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது. சிந்திக்காரர் வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொன்னார். பிறகு இரண்டடி தள்ளி மறுபடி ஊன்றுவார். மீட்டரிலிருந்து தொடங்கி எங்கள் கட்டடத்தைச் சுற்றி அப்படியே அடி அடியாக நகர்ந்து வந்தார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டு அவர் எத்தனை ஊன்றலில் டிரம்முக்கு வருவார் என்று எண்ணினேன்.

வந்தார். டிரம்மைக் காட்டி நகர்த்தச் சொன்னார். அங்கே ஒன்றும் இல்லை என்று என் அரைகுறை இந்தியில் ஜன்னல் வழியாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரம்மைச் சாய்த்து, நான் ஊற்றிய தண்ணீரையெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டு உருட்டித் தள்ளினார். சிமெண்டுத் திட்டு ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதன் மேல் கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். மற்ற இடத்தில் வைத்ததைவிட அதிக நேரம் வைத்தார். பிறகு கம்பியோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். சார் பின்னாலேயே வந்தார்.

அடுப்படியில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அதன் இரைச்சலும் குழாய்க் கசிவின் இரைச்சலும் ஒரே மாதிரி கேட்கும், அதை நிறுத்து என்றார் பிளம்பர். நிறுத்தினேன். அவ்வளவு பெரிய பாத்திரத்தில் என்ன கொதிக்கிறது, கல்யாணத்துக்கு டீயா என்று கேட்டார். குளிக்க என்றேன். மே மாதம் பிறந்திருந்தது, சுவரே வியர்க்கிற வெக்கை. சார் பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு கம்பியைப் பார்த்தார். அவருக்கு அன்று எதையும் சேர்த்துப் பார்க்கிற நிலை இல்லை.

அடுப்படி மூலையில் பாத்திரம் துலக்குகிற மோரி. பிளம்பர் அதன் ஓரத்தில் நின்று கம்பியை ஊன்றினார். கண்ணை மூடினார். எனக்குக் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது, அதுவும் அந்தக் கம்பிக்குக் கேட்டுவிடுமோ என்று சுவரோரம் ஒதுங்கினேன். அவர் கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்து மராட்டியில் சொன்னார்.

"கள்தி தும்ச்யாச் கோலீத் ஆஹே."

இந்தியில் கல்தி என்றால் தப்பு. கோலி என்றால் பம்பாயில் யாருக்கும் தெரியும், வீடு. தப்பு உங்கள் வீட்டில்தான் என்கிறார். எனக்கு அப்படித்தான் கேட்டது. ல, ள, ழ மூன்றையும் பிறழ்ந்து சொல்கிற பிள்ளையின் காதைத் திருகுவதற்கென்றே பயிற்சி எடுத்தவள் நான். அவர் வாயில் அழுத்தமான ள வந்ததை என் காது கேட்கவில்லை. நாலைந்து மாதமாக யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நாந்தான். ஸ்டாருக்குக் கம்பு நட குழி போட்டேன். கடப்பாரை பைப்புல பட்டுட்டு. நாந்தான் ஒடச்சேன், யாருட்டயும் சொல்லல. மாமிய நாந்தான் இப்படி ஆக்கிட்டேன்."

இதைச் சொல்லி அழும்போது வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த மனிதர், கையில் டிபன் கேரியரைத் தொங்கவிட்டபடியே நின்றார். உள்ளே வரவில்லை. பிளம்பருக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இந்த அம்மா எதற்கு அழுகிறாள் என்று சாரைக் கேட்டார். சாருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. இருந்தும் நான் சொன்னதை அவர் ஒன்றுவிடாமல் மராட்டியில் எடுத்துச் சொன்னார்.

பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டார். மராட்டியில் கள்தி என்றால் கசிவு, நான் கசிவைத்தான் சொன்னேன், தப்பைச் சொல்ல நான் யார் என்றார். ஆனாலும் கம்பம் நட்ட இடத்தைத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று எழுந்தார். நானும் போய் நின்றேன். என் சிமெண்டு இரண்டு தட்டில் பெயர்ந்தது. செங்கல், நார், சேறு. அதற்கடியில் அந்தக் குழாயின் முதுகு, அதில் கடப்பாரை போட்ட மூன்று பள்ளம். பிளம்பர் சேற்றைத் துடைத்துவிட்டுச் சுத்தியலால் தட்டினார். உள்ளே வெற்றாக ஒலித்தது. இது செத்த குழாய் என்றார். யுத்தத்தின்போது இங்கே பட்டாளத்துக் கொட்டகைகள் இருந்தன, அந்தக் காலத்துக் குழாய், இரண்டு பக்கமும் அடைத்துப் போட்டிருக்கிறார்கள், இதில் தண்ணீர் ஓடி இருபது வருடம் ஆகியிருக்கும்.

நான் உடைக்கவில்லை. அதை மனதுக்குள் எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது.

பிறகு மோரியை உடைத்தார்கள். கட்டடத்துக்கே தண்ணீர் கொண்டுவருகிற குழாய் மோரிக்கடியில், சாக்கடைத் தொட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே போனது. கட்டியவர்கள் அப்படிப் போட்டிருந்தார்கள். தொட்டிக்குள் இருந்த இணைப்பு துருப்பிடித்துத் தின்னப்பட்டு, சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. தண்ணீர் அதிலிருந்து பீறிட்டுச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் வெளியேதானே போகிறது, உள்ளே எப்படி அழுக்கு வரும் என்று சார் கேட்டார். பிளம்பர் வாயைக் குவித்து ஊதிக் காட்டினார். இது காலையில், குழாயில் தண்ணீர் வரும்போது. பிறகு உறிஞ்சிக் காட்டினார். இது எட்டு மணிக்குத் தண்ணீர் நின்ற பிறகு. சார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தத் துரு ஒரு வருடத்துத் துரு என்றார் பிளம்பர். பிறகு என்னைப் பார்த்து, கம்பத்துக் குழியில் அன்றைக்கே தண்ணீர் ஊறியதா என்று கேட்டார். சார் மொழிபெயர்த்தார். ஊறியது என்று தலையை ஆட்டினேன். அது இந்த ஓட்டையின் தண்ணீர்தான், மண்ணுக்குள்ளேயே நகர்ந்து அங்கே வந்திருக்கிறது, டிசம்பரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிசம்பரிலேயே அடைத்திருக்கலாம் என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுக் குழாயை அறுக்கப் போய்விட்டார். சார் இதை மொழிபெயர்க்கவில்லை. அந்த மராட்டி எனக்குப் புரிந்தது.

போகும்போது சார் என்னிடம் சொன்னார். "இதுக்காகவா டீச்சர் நாலஞ்சு மாசமா பயந்துண்டு இருந்தேள்? உங்க மேல ஒரு தப்பும் இல்லை. போய்ப் படுங்கோ." நல்ல மனிதர். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் போட்டுவிட்டார். கொதிக்க வைத்த பாத்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, பிள்ளைக்கு வயிறு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் ஏறினதிலிருந்து இறங்கிவிடலாம் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. மாமி இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். முகம், கழுத்து, உள்ளங்கை எல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. வயிறு மட்டும் பெரிதாக இருந்தது, மற்ற உடம்பு வற்றிப்போயிருந்தது. சார் அவளைச் சிரிக்க வைக்க நினைத்து கள்தி கதை முழுவதையும் சொல்லியிருந்தார். அவள் சிரித்ததாகத் தெரியவில்லை. நர்ஸ் போகிற வரை காத்திருந்தாள். பிறகு, "அந்த ரெண்டு சிந்திப் பசங்களுக்கும் வந்துது. எனக்கு வந்துது. உங்காத்துல யாருக்கும் வரலையே டீச்சர், எப்படி?" என்றாள்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

"கொதிக்க வச்சுத்தான் குடிச்சோம் மாமி."

"எப்போலேர்ந்து?"

"ஜனவரியிலேர்ந்து."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். நான்கு விரல். அந்த நான்கு மாதமும் மத்தியானம் தவறாமல் நான் கதை படித்திருக்கிறேன், அவள் தாகம் என்று எழுந்து மாடிக்குப் போய்க் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். நான் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். இதையெல்லாம் அவளும் நினைத்திருப்பாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கால் மாட்டில் விழுந்திருப்பேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் குழாயிருந்த பக்கம் பார்த்தாள். அதிலிருந்து எல்லாரும் தண்ணீர் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு உங்காத்துலேர்ந்து ஜலம் கொண்டு வாங்கோ," என்றாள்.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு அழுகை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கேட்கிறாளே என்று பெருமைகூட வந்தது, அதை மறைக்க வேண்டாம். காலையில் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீரை இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

மாமி சாய்ந்து உட்கார்ந்தாள். டம்ளரை எடுத்து நீட்டினாள். நான் கூஜாவிலிருந்து நிறைய ஊற்றினேன். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"முதல்ல நீங்க குடிங்கோ."

அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கோபம் இல்லை. அடுப்படி ஜன்னலில் நின்று நான் பிளம்பரின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி அவள் முகம் இருந்தது. என்னைக் கண்டு அவளுக்குப் பயம். டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிப் பாதியைக் குடித்தேன். அவசரத்தில் கழுத்தெல்லாம் வழிந்தது. நான் முழுங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாள். அதன் பிறகுதான் மீதியைக் குடித்தாள்.

பதினொரு நாள் தண்ணீர் கொண்டுபோனேன். பதினொரு நாளும் அப்படித்தான் நடந்தது. மஞ்சள் மெல்ல இறங்கியது. பன்னிரண்டாம் நாள் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது, எலிக்குஞ்சு அளவுக்கு, ஆனால் வாய் கிழிய அழுதது. இரண்டு உயிரும் தப்பித்துவிட்டன என்று சார் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். நான் உள்ளே போனேன். குழந்தையைப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். மாமி களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தாள். நான் கூஜாவைத் திறந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்து, ஒரு கையால் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மறு கையால் டம்ளரை எடுத்து முதலில் என்னிடம்தான் நீட்டினாள். நான் குடித்தேன்.